முத்தோரையின் தொலைக்கரம்

உதகைக்கு அருகே முத்தோரையில், 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டு, மலைச்சரிவில் வடக்கு தெற்காகக் கிடக்கிறது 1970-இல் கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் நிறுவிய வானொலித் தொலைநோக்கி. கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்தவர் ஏவ, அதன் 24 வளைசட்டங்களும் ஒருங்கே திரும்புகின்றன.

1206-இல் அல்ஜஸரீ நூலில் விளக்கிய பொறிகள் பல, நீர்விசையால் தாமே இயங்கின. தொலைவிலிருந்து ஏவும் கை அவற்றுக்கில்லை. எது உயர்ந்தது என்ற வாதம் நமக்கு வேண்டா. எந்திரத்தைப் புகழ்வோர் அச்சரிவைத் தேர்ந்த கண்களை மறக்கின்றனரே என்பதே நம் குறை. சரிவு ஏறத்தாழ 11 பாகை. அவ்விடத்து அட்சரேகையும் அதுவே. ஆதலால் பூமியின் அச்சுக்கு இணையான ஒரே அச்சில் திரும்பி, ஒரு வான்பொருளை ஒன்பதரை மணி நேரம் தொடர முடிகிறது.

பிறை தேடும் நாம் அறியவேண்டியது இன்னொன்று. சந்திரன் தொலைதூர வானொலி மூலங்களை மறைக்கும் கணத்தைக் குறித்தே அவற்றின் அளவை இங்கு கண்டனர். அவ்வளவுகளைக் கொண்டு, பிரபஞ்சம் என்றும் ஒரே நிலையில் இருந்ததன்று என்பதற்கு 1975-இல் சான்று தந்தனர்.