மண்டபத்தில் இறங்கிய நாள்: பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றமும் முகாம் தமிழரும்

மணலி புதுநகருக்கு மேற்கே புழல் காவாங்கரையிலும், வடக்கே கும்மிடிப்பூண்டியிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் உள்ளன. 2021 முதல் அரசு அவற்றை மறுவாழ்வு முகாம்கள் என்று அழைக்கிறது. ஆண்டுதோறும் மே மாதத்தில், முள்ளிவாய்க்காலுக்குக் காரணமான ஆட்சியாளர்களைப் பன்னாட்டு நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும் என்ற முழக்கம் தமிழகமெங்கும் எழுகிறது. அம்முழக்கம் எந்த நீதிமன்றத்தை, எந்த அதிகாரத்தின்பேரில் அழைக்கிறது என்பதையும், முகாம்களில் வாழ்வோருக்கு அதன் கதவு ஏன் மூடியே கிடக்கிறது என்பதையும் இங்கு விளக்க முற்படுகிறோம்.

ஹேக் நகரில் இரு நீதிமன்றங்கள் இருப்பதால் குழப்பம் நேர்கிறது. பன்னாட்டு நீதிமன்றம் அரசுகளுக்கிடையேயான வழக்குகளைக் கேட்பது. தனிமனிதர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம். அதை உருவாக்கிய ரோம் சட்டத்தை 1998 ஜூலை 17 அன்று 120 நாடுகள் ஆதரித்தன. 7 நாடுகள் எதிர்த்தன. 21 நாடுகள் வாக்களிக்காமல் விலகி நின்றன. விலகியோருள் இந்தியாவும் ஒன்று. இன்றளவும் இந்தியாவோ இலங்கையோ அதில் உறுப்பினர் அல்ல.

குடியரசுத் தலைவர், பிரதமர் என்ற பதவி எவரையும் காக்காது என்று அச்சட்டத்தின் 27-ஆம் பிரிவு கூறுகிறது. ஆயினும் நீதிமன்றத்தின் அதிகாரம் எங்கும் செல்லுபடியாகாது. குற்றம் உறுப்பு நாட்டின் மண்ணில் நிகழ்ந்திருக்க வேண்டும், அல்லது குற்றம் புரிந்தவர் உறுப்பு நாட்டின் குடிமகனாக இருக்க வேண்டும். இவ்விரண்டும் இல்லையெனில், ஐ.நா. பாதுகாப்பு அவை வழக்கை அனுப்பலாம். சீனாவோ ரஷ்யாவோ வீட்டோவைப் பயன்படுத்தினால் அவ்வழியும் அடைபடும். சட்டம் நடைமுறைக்கு வந்த 2002 ஜூலை 1-க்கு முந்தைய குற்றங்கள் எவ்வகையிலும் விசாரணைக்கு வாரா. ஆகவே 1983 ஜூலைப் படுகொலை இந்த நீதிமன்றத்தின் முன் ஒருபோதும் நிற்கப்போவதில்லை.

உள்நாட்டு நீதி இயங்காத இடத்தில் மட்டுமே இந்நீதிமன்றம் தலையிட முடியும் என்பது மற்றொரு வரையறை. இலங்கையில் அது எவ்வாறு இயங்குகிறது என்பதற்கு மிருசுவில் ஒன்றே போதும். 2000 டிசம்பரில் அங்கு எட்டுத் தமிழர்கள் கொல்லப்பட்டனர். 15 ஆண்டுகள் கழித்து ஒரே ஒரு இராணுவத்தினருக்கு மரண தண்டனை கிடைத்தது. 2019-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2020 மார்ச்சில் கோத்தபய ராஜபக்ச அவருக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார். இது நமக்குப் புதிய கதையன்று. கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட வழக்கில் நிலவுடைமையாளர்களைச் சென்னை உயர்நீதிமன்றம் 1973-இல் விடுவித்ததை அறிந்தவர்கள் நாம்.

அடைபட்ட இக்கதவில் ஒரு விரிசலை ஏற்படுத்தியது ரோஹிங்கியா மக்களின் வழக்கு. மியான்மர் உறுப்பு நாடன்று. வங்கதேசம் உறுப்பு நாடு. மக்களை வலிந்து நாடுகடத்துதல் என்ற குற்றம் எல்லையைத் தாண்டினால்தான் முழுமை பெறும். அதன் ஒரு பகுதி வங்கதேச மண்ணில் நிகழ்ந்ததால் தனக்கு அதிகாரம் உண்டு என்று 2018 செப்டம்பரில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 நவம்பரில் மியான்மர் இராணுவத் தலைவர் மின் ஆங் ஹ்லைங் மீது பிடியாணை கோரினார் அரசுத் தரப்பு வழக்கறிஞர். இதே தருக்கத்தைக் கொண்டு, பிரிட்டன், சுவிட்சர்லாந்து முதலிய உறுப்பு நாடுகளில் தஞ்சமடைந்த ஈழத்தமிழர் சார்பில் 2021-இல் மனு ஒன்று அளிக்கப்பட்டது.

லண்டனில் இறங்கியவர் முன்வைக்கக்கூடிய இந்த வாதத்தைக் காவாங்கரையில் இருப்பவர் முன்வைக்க முடியாது. அவர் வந்திறங்கிய மண் இந்திய மண். 2006-இல் போர் மீண்டும் மூண்டபோது ஆயிரக்கணக்கானோர் படகேறி இராமேசுவரம் கரைக்கு வந்தனர். வங்கதேசக் கரையில் நிறைவுற்ற அதே குற்றம் இங்கே நிறைவுறவில்லை என்று சட்டம் கருதுவதற்கு, இந்தியா கையொப்பமிடவில்லை என்பதைத் தவிர வேறு காரணமில்லை. (போருக்கு அஞ்சி வந்தோம் என்பது மட்டும் போதாது, வலிந்து விரட்டப்பட்டோம் என மெய்ப்பிக்கவும் வேண்டும்.)

யார் எங்கே இறங்கினார்கள் என்பதில் சாதியும் வர்க்கமும் உண்டு. விமானச் சீட்டுக்கும் முகவருக்கும் பணம் திரட்ட முடிந்தவர்கள் மேலை நாடுகளை அடைந்தனர். படகுக்கூலி மட்டுமே கொடுக்க முடிந்தவர்கள் மண்டபத்தை அடைந்தனர். தமிழக முகாம்களில் கணிசமானோர் மலையகத் தமிழர். 19-ஆம் நூற்றாண்டில் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டோரின் வழிவந்தவர்கள், அவர்களுள் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதியினர். 1948-இல் இலங்கை அவர்களின் குடியுரிமையைப் பறித்தது. 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இந்தியாவும் அவர்களைச் சேர்க்கவில்லை.

ஒரு நாட்டின் தலைவரை அயலார் விசாரிக்க யார் அதிகாரம் கொடுத்தது என்ற கேள்வியை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. டோக்கியோ தீர்ப்பாயத்தில் இந்திய நீதிபதி ராதாபினோத் பால், வென்றவர் தோற்றவரை விசாரிப்பது நீதியாகாது என்று 1948-இல் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். ஹேக் நீதிமன்றம் தன் முதல் பத்தாண்டுகளில் ஆப்பிரிக்கர்களை மட்டுமே கூண்டில் ஏற்றியது. நெதன்யாகுவுக்கு 2024 நவம்பரில் பிடியாணை பிறப்பித்தபின் அமெரிக்கா அதன் நீதிபதிகள் மீதே தடை விதித்தது. பாதுகாப்பு அவையின் பிடி குறித்து 1998-இல் இந்தியா எழுப்பிய ஆட்சேபமும் நியாயமானதே.

ஆனால் இறையாண்மை என்ற வாதத்தை இந்தியா எங்கே பயன்படுத்துகிறது, எங்கே மறக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 1946-இல் தென்னாப்பிரிக்க இந்தியர் மீதான பாகுபாட்டை ஐ.நா. பொதுச்சபைக்குக் கொண்டுசென்றது இந்தியா. அது எம் உள்நாட்டு விவகாரம் என்றது தென்னாப்பிரிக்கா, அவ்வாதம் எடுபடவில்லை. 2001-இல் டர்பன் மாநாட்டில் தலித் அமைப்புகள் சாதியை நிகழ்ச்சிநிரலில் சேர்க்கக் கோரியபோது, அதைத் தடுக்க முனைந்தது அதே இந்தியா. உள்நாட்டு விவகாரம் என்ற சொல் அப்போது இனித்தது. 2021 மார்ச்சில் இலங்கைப் போர்க்குற்றச் சான்றுகளைத் திரட்டும் தீர்மானம் ஜெனீவாவில் 22 வாக்குகளால் நிறைவேறியபோதும் இந்தியா வாக்களிக்கவில்லை.

இந்நீதிமன்றம் மேலை நாடுகளின் கருவி மட்டுமே என்போர் மணிலாவையும் நோக்க வேண்டும். 2025 மார்ச் 11 அன்று கைதாகி ஹேக்குக்கு அனுப்பப்பட்ட டுடெர்டேயின் ‘போதைப்பொருள் போரில்’ மாண்டவர்கள் பெரும்பாலும் நகர்ப்புற ஏழைகள். பிலிப்பைன்ஸ் 2019-இல் உறுப்பினர் நிலையிலிருந்து விலகிவிட்டது. உறுப்பினராக இருந்த காலத்துக் கொலைகளுக்கு அது தப்பும் வழியாகவில்லை.

இந்தியா உறுப்பினராகாமலேயே, ஒரு குறிப்பிட்ட நிகழ்வுக்கு மட்டும் நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்கும் அறிவிப்பை 12-ஆம் பிரிவின்படி வெளியிடலாம். அது 2002 வரை பின்னோக்கியும் செல்லும். உறுப்பினராகாத நிலையில் உக்ரைன் 2014-இலும் 2015-இலும் அவ்வாறே செய்தது. அதை டெல்லியிடம் கேட்கும் கோரிக்கை மே மாத மேடைகளில் அரிதாகவே ஒலிக்கிறது. கொழும்பை மட்டும் கண்டிப்பது எளிது. அப்படியோர் அறிவிப்பு வருமாயின், முகாமில் உள்ள ஒவ்வொருவரிடமும் முதலில் கேட்கப்படுவது மண்டபத்தில் பதிவுசெய்யப்பட்ட நாள் எது, அது 2002 ஜூலை 1-க்கு முன்பா பின்பா என்பதே.