செல்லாக் காசு சொல்லும் வரலாறு

குகைத் தோழர்களின் வரலாற்றை மாணவர்க்குச் சொல்லிக் கொடுக்கும்போதெல்லாம் நம் உள்ளம் ஓரிடத்தில் தயங்கி நிற்பதுண்டு. நெடுந்துயில் நீங்கி எழுந்த அவ்விளைஞர்கள் தம்முள் ஒருவரிடம் வெள்ளிக் காசைக் கொடுத்து, நகருக்குச் சென்று தூய உணவு வாங்கி வருமாறு அனுப்புகின்றனர். எவரும் அறியாவண்ணம் நடந்துகொள்ளுமாறு எச்சரித்தும் விடுகின்றனர். 'கஹ்ஃபு' அத்தியாயம் கூறுவது இவ்வளவே. பின்னர் நடந்ததை விரிவுரையாளர்கள் எழுதுகிறார்கள். கடைக்காரர் காசைப் புரட்டிப் பார்த்தார். அது என்றோ மறைந்த மன்னன் ஒருவனின் காசு. புதையல் எடுத்தவனோ என்று ஐயுற்றுக் கூட்டம் கூடிற்று என்பர். வாய் திறவாதே என்று பணிக்கப் பெற்றவரை அவர் கையிலிருந்த காசே காட்டிக் கொடுத்துவிட்டது.

சென்ற ஆண்டு, மறைமலைநகரை அடுத்த சிற்றூர் ஒன்றின் பள்ளிவாசலில் உண்டியல் எண்ணும் வேளையில் நாமும் உடனிருந்தோம். எண்ணி முடிந்ததும் மூலையிலிருந்து ஒரு தகரப் பெட்டி வெளிவந்தது. பல்லாண்டுகளாக ஒதுக்கிப் போட்ட செல்லாக் காசுகள் அதில் நிரம்பியிருந்தன. பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டால் விளக்குச் செலவுக்காவது ஆகும் என்பது பொருளாளரின் எண்ணம். உண்டியலில் விழுந்தது எதுவாயினும் பயன்பட வேண்டும் என்று நினைப்பவர் அவர். அந்நினைப்பில் குறை காண்பதற்கில்லை. நாம் சிறிது அவகாசம் கேட்டுப் பெட்டியைப் பாயில் கவிழ்த்தோம்.

பெரும்பாலானவை 2011 ஜூன் 30-ஆம் நாளோடு செல்லுபடி இழந்த 25 காசுகள். அவற்றினூடே நம் பிள்ளைப் பருவமே சிதறிக் கிடந்தது எனலாம். சதுரமான ஐந்து காசு, அலைபோன்ற விளிம்புடைய பத்துக் காசு, தாமரைப் பூப்பொறித்த மஞ்சள் நிற இருபது காசு! 1968 முதல் 1971 வரை வெளிவந்த அந்த இருபது காசில் பொன் கலந்திருக்கிறதென்று நம்பி முந்தானையில் முடிந்து வைத்த மூதாட்டிகளை நாம் அறிவோம். அதில் கலந்திருந்தவை செம்பும் அலுமினியமுமே. ஆயினும் அந்தப் பொய்ந் நம்பிக்கையால் எத்தனையோ காசுகள் இன்றளவும் வீடுகளில் பிழைத்திருக்கின்றன. போர்க்காலத்தில் உலோகத்தை மிச்சம் பிடிக்க நடுவில் துளையிட்டு 1943 முதல் வெளியிட்ட ஓட்டைக் காலணாவும் ஒன்றிரண்டு இருந்தன. வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்தோர் போட்ட, காப்பிக் கூஜாப் பொறித்த அமீரகத் திர்ஹமும் இருந்தது.

எல்லாவற்றுக்கும் அடியில், சுண்டுவிரல் நகத்தளவே இருந்த, தடித்துக் கறுத்த ஒரு செம்புத் துண்டு கிடைத்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தோம். ஒரு ஜீம், ஓர் அலிஃப், அதன்பின் ஒரு ஹே. 'ஜாஹ்' என்று படிக்க முடிந்தது. முன்பாதி காசில் விழவேயில்லை. அச்சு பெரிதாகவும் காசு சிறிதாகவும் இருந்தமையால் அக்காலச் செப்புக் காசுகளில் எழுத்து முழுமையாக விழுவது அரிது. விடுபட்ட பாதியை ஊகிப்பது கடினமன்று. 'வாலாஜாஹ்' என்பதே அது. ஆற்காட்டு நவாபு முஹம்மது அலியின் பட்டப் பெயர். 1795-இல் மறைந்த அவர் பெயரில் வெளிவந்த இத்தகைய சிறு காசுகள் தொண்டை நாடெங்கும் புழங்கின. அவற்றுள் சிலவற்றில் நவாபைக் குறிக்கும் தமிழெழுத்துகளையும் காணலாம். அரபு எழுத்தும் தமிழெழுத்தும் ஒரே ஆட்சியின் காசுகளில் இடம்பெற்றன என்பதை நம் பிள்ளைகள் எத்தனை பேர் அறிவர்? 1763-இல் இந்தச் செங்கற்பட்டுச் சீமையை ஆங்கிலக் கும்பினிக்கு ஜாகீராக விட்டுக் கொடுத்தவரும் அவரே. சீமை போயிற்று, காசு மட்டும் உண்டியல்வரை வந்து சேர்ந்திருக்கிறது.

நாணயம் அடித்த இடமும் நமக்குத் தொலைவிலில்லை. மாமல்லபுரத்திலிருந்து கடற்கரையோடு தெற்கே சென்றால், கடப்பாக்கத்தை அடுத்து ஆலம்பரைக் கோட்டை இடிந்து கிடக்கிறது. நவாபுகள் காலத்தில் அங்கே நாணயச்சாலை நடந்தது. ஆலம்பரை வராகன் என்ற பெயர் வணிகர் நாவில் வழங்கிற்று. 1750-இல் முஸஃபர் ஜங் அக்கோட்டையைப் பிரெஞ்சுக்காரருக்கு அளித்தார். பத்தே ஆண்டுகளில் ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றி இடித்தனர். இன்று செங்கல்லும் சுண்ணாம்பும் உப்பங்காற்றில் உதிர்கின்றன. இதே கரையில் சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டிய டச்சுக்காரர் விட்டுச் சென்றதோ ஒரு சொல். அவர்களுடைய 'டொய்ட்' என்ற செப்புக் காசே நம் வாயில் 'துட்டு' ஆயிற்றென்று சொல்லறிஞர் கூறுவர்.

காசை எடைக்குப் போடுவதால் விளையும் இழப்பு யாதென்று வினவுவோர்க்கு மதுரை சுல்தான்களை நினைவூட்டுவோம். 1330-களில் ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷா தில்லியினின்று பிரிந்து மதுரையில் தனியரசு கண்டார். அவர் மகளை மணந்தவர் பயணி இப்னு பதூதா. இன்னொரு மகளை மணந்தவர் பின்னர் அரசேறிய கியாஸுத்தீன் தாமகானி. ஆகவே 1340-களில் மஅபர் வந்த இப்னு பதூதா, சகலையின் அரண்மனையை உள்ளிருந்தே கண்டு, நிறையையும் குறையையும் ஒளிக்காமல் எழுதினார். நாஸிருத்தீன் ஆட்சியேற்ற அளவில் அவர் கப்பலேறிவிட்டார். அத்துடன் அவர் எழுத்தும் நின்றுவிட்டது. பிறகு அந்த அரசின் கதையைச் சொல்வது, அதனை வென்ற விசயநகரத்தார் தரப்புக் காவியமான 'மதுரா விஜயம்'. தோற்றவர் பக்கத்து ஏடு ஒன்றும் நமக்கு வாய்க்கவில்லை.

ஆனால் காசுகள் வாய்த்தன. ஆதில் ஷா, ஃபக்ருத்தீன் முபாரக் ஷா, அலாவுத்தீன் ஸிக்கந்தர் ஷா ஆகிய பெயர்களும் அவர்தம் ஹிஜ்ரி ஆண்டுகளும் அச்சிறு காசுகளிலிருந்தே வரலாற்றில் ஏறின. குமார கம்பணர் 1371 அளவில் மதுரையை வென்றதோடு கதை முடிந்ததென நினைப்போம். ஸிக்கந்தர் ஷாவின் காசோ ஹிஜ்ரி 779 என்று, அதாவது 1377-78 என்று, நின்று சாட்சி சொல்கிறது! ரோஜர்ஸ் 1895-இலும் ஹூல்ட்ஷ் 1909-இலும் இக்காசுகளைப் படித்து எழுதினர். அந்நாளில் தென்னாட்டுக் கடைவீதிகளில் சராபுகளிடமும் கன்னார்களிடமும் பழங்காசு திரட்டும் ஆர்வலர் இருந்தனர். டஃப்னல் என்ற படைத்தலைவர் அத்தகையோர்க்கென வழிகாட்டி நூலே எழுதினார். அவர்கள் கையில் அகப்படாமல் கன்னார் உலைக்குப் போய்க் குடமும் குத்துவிளக்குமாகிவிட்ட காசுகள் எத்தனை மன்னர் பெயரை விழுங்கினவோ!

மார்க்க நூல் கற்போர்க்கும் இதில் பங்குண்டு. ஜகாத்துக்குரிய பொன்னளவு இருபது தீனார். ஒரு தீனாரின் எடை என்ன? வாற்கோதுமை மணிகளால் நிறுத்துக் காட்டிய பழங்கணக்குகள் ஊருக்கு ஊர் வேறுபட்டன. கலீஃபா அப்துல் மலிக் ஹிஜ்ரி 77-இல் அச்சிடத் தொடங்கிய தீனார்கள் அருங்காட்சியகங்களில் பிழைத்திருந்தமையால், அறிஞர்கள் அவற்றை நிறுத்துப் பார்த்து 4.25 கிராம் எனக் கண்டனர். யூசுஃப் அல்கர்ளாவி அவர்களும் இவ்வழியே 85 கிராம் என்று முடிவு செய்தார். ஏழரைத் தோலா, 87.48 கிராம் என்னும் நம் நாட்டுக் கணக்கும் வழக்கிலுள்ளது. அவ்விவாதத்தை இங்கே விரிக்க வேண்டுவதில்லை. எவரோ செலவழிக்காமல் வைத்த பொற்காசு, நூற்றாண்டுகள் கழித்து மார்க்கச் சட்டத்துக்குத் தராசாயிற்று.

பழங்காசு தேடி ஆற்றுமணலைச் சலிக்கப் போக வேண்டுமென்பதில்லை. தேநீர்க் கடையில் வாங்கும் சில்லறையை ஒருமுறை புரட்டினால் போதும். 1995 உலகத் தமிழ் மாநாட்டுத் திருவள்ளுவர், 2009-இல் தம் தமிழ்க் கையொப்பத்தோடு வந்த அண்ணா, 2010-இல் வந்த தஞ்சைப் பெரிய கோயில், ஐந்து ரூபாயில் மௌலானா ஆசாத் எனப் பலரும் வந்து போகின்றனர். ஆண்டின் கீழ்ப் புள்ளியிருப்பின் நொய்டா, விண்மீன் ஹைதராபாத், வைரக் குறி மும்பை, குறியேதும் இல்லையேல் கல்கத்தா. (செல்லும் பத்து ரூபாய் நாணயத்தையே செல்லாதென்று தள்ளுகிற நம் கடைக்காரர்களிடம் இதையெல்லாம் எவ்வாறு விளக்குவது!)

கிடைத்த காசைப் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்ப்பதே பெருந்தீங்கு. பளபளப்பு வரும், எழுத்துப் போய்விடும். தாளில் மடித்து, கிடைத்த இடமும் நாளும் எழுதி வைத்தால் போதும். மண்ணுக்குள்ளிருந்து எடுத்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலை ஆட்சித் தலைவரிடம் அறிவிக்க வேண்டுமென்பது 1878-ஆம் ஆண்டுச் சட்டம். நூறாண்டு கடந்த காசை அயல்நாடு கொண்டு செல்லலாகாது. வளைகுடா செல்லும் நம் இளைஞர்கள் இதனை மறக்க வேண்டா.

அந்தச் செம்புக் காசை என்ன செய்வதென்ற கேள்வி எஞ்சியிருந்தது. எடைக்குரிய விலையை உண்டியலில் இட்டு நாமே எடுத்துக்கொள்ளுமாறு பொருளாளர் பெருந்தன்மையோடு சொன்னார். விற்பவர் அறியாத மதிப்பை வாங்குபவர் அறிந்திருக்கும் பேரம் அது. பள்ளியின் பொருளில் அதற்கு நம் மனம் இடந்தரவில்லை. அவரிடம் விவரம் கூறினோம். பழைய இரும்புக் கடைப் பேச்சு அன்றோடு நின்றது. இன்று அக்காசுகள், மக்தபில் குர்ஆன் பிரதிகள் வைக்கும் கண்ணாடி அலமாரியின் கீழ்த்தட்டில், நாளெழுதிய தாளுறைகளில் உள்ளன. வாலாஜாஹ் காசின் மறுபுறத்தில் இன்னும் ஓரெழுத்து விளங்கவில்லை. வியாழன்தோறும் ஓதி முடிந்ததும் சிறுவர்கள் அதனை வெளிச்சத்தில் சாய்த்து, 'ஐன்' என்று ஒருவனும் 'ஃபே' என்று ஒருவனுமாக வாதாடிக் கொண்டிருக்கிறார்கள்.