பகடையும் பாரதக் கேள்வியும்

விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி வட்டாரங்களின் திரௌபதி அம்மன் கோயில்களில் கோடைக் காலத்தில் நடைபெறும் பாரத விழா, பகலில் பிரசங்கத்தையும் பிற்பகுதி இரவுகளில் தெருக்கூத்தையும் கொண்டு அமைவது. பிரசங்கியார் எனப்படும் கதைசொல்லி வில்லிபாரதப் பாடல்களைப் பாடிப் பொருள் விரித்துக் கிளைக்கதைகளோடு சொல்லிவரும் பகுதியையே கூத்தர்கள் இரவில் வேடம் புனைந்து நடத்துவதால், ஊரார் ஒரே நிகழ்ச்சியை முதலில் கேட்டும் பின்னர் கண்டும் அறிகின்றனர். வில்லிபுத்தூரார் திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரினர் என்றும், வக்கபாகை வரபதி ஆட்கொண்டானின் வேண்டுகோளால் பாரதம் பாடினார் என்றும் மரபு கூறுவதால், இந்நிலத்தார் அதனைத் தம் வீட்டுக் காப்பியமாகவே கருதுவதில் வியப்பில்லை. திரௌபதி வழிபாட்டை விரிவாக ஆராய்ந்து 1988இல் நூல் வெளியிட்ட ஆல்ஃப் ஹில்டபைட்டல், செஞ்சியை அடுத்த மேலச்சேரியை இவ்வழிபாட்டின் மூலத்தலமாகக் கூறும் மரபுக்கு முதன்மை தந்தார்.

ஒருவர் கதை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுப் பேச, பகடை உருண்டு விளைவைத் தீர்மானிக்கும் மேசை விளையாட்டு, 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்ற பெயரில் வெளியிட்ட பின்னரே உலகெங்கும் பரவியது. கதைசொல்லி, வேடம், பகடை ஆகிய மூன்றும் பாரத விழாவிலும் உண்டு. ஆனால் இங்கே பகடை எப்படி விழும் என்பது ஊர்க் குழந்தைக்கும் தெரியும். முடிவு தெரிந்துவிட்டமையால், அடுத்து என்ன நடக்கும் என்பதை விட்டு, நடந்தது முறைதானா என்பதிலேயே பாரதம் கேட்போரின் வாதம் நிலைகொள்கிறது.

சூதாட்டமும் துகிலுரிதலும் சேர்ந்த ‘பகடைத் துயில்’ கூத்தில் இதனைத் தெளிவாகக் காணலாம். பந்தயப் பொருளை வைப்பவன் துரியோதனன், காயை உருட்டுபவன் சகுனி. ஒருவனுக்காக மற்றொருவன் ஆடலாமா என்பது முதல் சிக்கல். தருமன் தன்னையே தோற்ற பின்பு மனைவியைப் பணயம் வைக்கும் உரிமை அவனுக்கு எஞ்சியிருந்ததா என்று திரௌபதி கேட்பது அடுத்த சிக்கல். அவள் எழுப்புவது, நுணுகி நோக்கினால், ஆட்டத்தின் விதியைப் பற்றிய கேள்வி. பீஷ்மரால் அதற்கு முடிவு கூற இயலவில்லை, கௌரவருள் விகர்ணன் ஒருவனே அவள் பக்கம் பேசுகிறான். வேதவியாசர் தீர்க்காமல் விட்ட இவ்வழக்கைப் பிரசங்கியார்கள் தத்தம் புலமைக்கேற்ப விரிக்கின்றனர். கூத்திலோ, கதைக்குள்ளும் வெளியிலுமாக நின்று பேசும் கட்டியக்காரன், சபையார் கேட்க நினைப்பதைத் தானே கேட்டு அரசர்களை மடக்குகிறான்.

துகிலுரியும் கட்டத்தில் ஆட்டம் சற்றே நிறுத்தப்பட்டு, திரௌபதி வேடத்தார் முன் கற்பூரம் ஏற்றப்படுவதும், துச்சாதனன் வேடம் கட்டியவர் அம்மனிடம் மன்னிப்பு வேண்டுவதும் வழக்கம். பார்ப்போருள் சிலர் மருள் கொண்டு ஆடுவதும் உண்டு. வேடம் எங்கே முடிகிறது, ஆள் எங்கே தொடங்குகிறான் என்ற எல்லையை இந்தக் கற்பூரமே காட்டுகிறது எனலாம். மேசை விளையாட்டுக்காரர்கள், எவர் மனமும் புண்படாதிருக்க ஆட்டத்தை இடையில் நிறுத்தும் ஏற்பாடுகளை மிகப் பிற்காலத்தில்தான் வகுத்துக்கொண்டனர். விழாவின் முடிவில், பதினெட்டாம் நாள் போரை நடிக்கும் கூத்து முடிந்த காலையில், மண்ணால் கிடத்திய பெரிய துரியோதனன் உருவத்தின் தொடையை வீமன் அடிக்க, திரௌபதி கூந்தல் முடிப்பதே படுகளம், மாலையில் தீமிதி.

முறையைப் பற்றி இவ்வளவு வாதிட்ட இவ்விழாவின் சபை எல்லோருக்கும் திறந்திருந்ததெனக் கூற இயலாது. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் உள்ள திரௌபதி அம்மன் கோயிலுக்குள் பட்டியலினத்தார் நுழைவது எதிர்க்கப்பட்டதால், 2023 ஜூனில் அக்கோயில் பூட்டி முத்திரையிடப்பட்டது. அவர்கள் காவல்துறைப் பாதுகாப்புடன் உள்ளே சென்று வழிபட்டது 2025 ஏப்ரலில்தான்.