மகரந்தப் படிவும் கார்ப்பூச்சும்: புதுச்சேரி

மகரந்தப் படிவு என்பது மரஞ்செடிகளின் பூந்தூள் வாகனங்களின் மேற்பூச்சில் தங்கி, ஈரமும் வெயிலும் மாறி மாறிப் பட்டுக் கறையாகப் பிடிப்பதைக் குறிக்கும். புதுச்சேரி நகரில் இது மாசி முதல் வைகாசி வரை மிகுந்தும், புரட்டாசியை ஒட்டிக் குறைந்த அளவிலும் காணப்படுகிறது. நகரின் பிரெஞ்சுப் பகுதியிலுள்ள பழைய வீடுகள் தெருவை ஒட்டியே சுவர் எழுப்பிக் கட்டப்பட்டவை. வண்டி நிறுத்த உள்ளே இடமில்லாததால் கார்கள் பெரும்பாலும் தெருவோர மரத்தடியில் நிற்கின்றன.

மகரந்த மணியின் அமைப்பு

மகரந்த மணி பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரான் வரை குறுக்களவு உடையது. அதற்கு இரண்டு உறைகள் உண்டு. உள்ளுறை செல்லுலோசும் பெக்டினும் கலந்தது. நீர் பட்டால் உப்பும். வெளியுறை ஸ்போரோபொல்லெனின் என்னும் பொருளால் ஆனது. உயிரினங்கள் உண்டாக்கும் பொருள்களில் இதைப்போல் அழியாத்தன்மை கொண்டவை மிகச் சில. சுவீடன் நாட்டு அறிஞர் குன்னார் எர்ட்மன் வகுத்த முறையில், மகரந்தத்தை அசெட்டிக் அன்ஹைட்ரைடு ஒன்பது பங்கும் அடர் கந்தக அமிலம் ஒரு பங்கும் சேர்ந்த கலவையில் சூடாக்குவர். மற்றவை யாவும் கரைந்துபோக, வெளியுறை மட்டும் வடிவம் குலையாமல் எஞ்சும். ஏரி, கழிமுகச் சேற்றில் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய மகரந்தத்தை இன்றும் இனங்காண முடிவது இதனால்தான். கார் கழுவும் ஷாம்பு எதுவும் இவ்வுறையைக் கரைக்காது. மணியை முழுதாக மிதக்கவிட்டு அகற்ற மட்டுமே இயலும்.

புதுச்சேரியில் தாவர, மகரந்த ஆய்வு

நகரின் தாவர ஆய்வு மரபு பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் தொடங்கியது. இயற்கையியலாளர் லெஷெனோ தெ லா தூர் 1816இல் இங்கு வந்தார். தாவரவியல் பூங்கா 1826இல் அமைந்தது. அதை வளர்த்தவர்களுள் முதன்மையானவரான பெரோத்தே, நீலகிரித் தாவரங்களையும் திரட்டி, 1870இல் புதுச்சேரியிலேயே மறைந்தார்.

1954 நவம்பர் 1இல் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டு, 1955இல், பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் செயின்ட் லூயி தெருவில் தோன்றியது. வடமொழி அறிஞர் ழான் பிலியோசா அதன் முதல் இயக்குநர். இந்தியவியலுக்கென அறியப்பட்ட இந்நிறுவனத்தில் மகரந்தவியல் ஆய்வகமும் வளர்ந்தது. வாகை, கருவேலக் குடும்பத்தின் மகரந்தத்தைப் பற்றி பிலிப் கினே எழுதிய பெருநூல் 1969இல் வெளிவந்தது.

இத்துறையின் தலைசிறந்த தமிழர் கணபதி தணிகைமோனி (1938–1986). பனைக் குடும்பத்தின் மகரந்தத்தைக் கொண்டு அதன் வகைப்பாட்டை ஆராய்ந்து 1970இல் நூல் வெளியிட்டார். பூக்கும் தாவரங்களின் மகரந்த வடிவங்களைப் பற்றிய உலக நூலடைவையும் 1972 முதல் தொகுத்தளித்தார். 1986 செப்டம்பர் 5 அன்று கராச்சி விமான நிலையத்தில் கடத்தப்பட்ட பான் ஆம் விமானத்தில் உயிரிழந்தவர்களுள் அவரும் ஒருவர். சதுப்புநிலத் தாவர மகரந்தம் பற்றிய அவருடைய நூல் மறு ஆண்டு வெளியாயிற்று. நிறுவனத்தின் மகரந்தச் சேகரத்தில் ஆயிரக்கணக்கான கண்ணாடித் தகடுகள் உள்ளன.

படிவின் வகைகள்

காற்றுவழிப் படிவு: நகரைச் சுற்றிய சவுக்குத் தோப்புகளே இதன் முதன்மை ஊற்று. சவுக்கு இம்மண்ணின் மரம் அன்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ரயில் என்ஜின்களுக்கு விறகு வேண்டிச் சோழமண்டலக் கடற்கரையில் பரவலாக நடப்பட்டது. ஆண் பூக்கதிர் நுண்ணிய மூன்று துளை மணிகளைக் காற்றில் விடுகிறது. புற்களின் மகரந்தம் ஒரே துளை கொண்டது. தென்னை ஆண்டு முழுதும் பாளை விடுவதால் அதற்குத் தனிப் பருவம் இல்லை.

கூட்டுமணிப் படிவு: தூங்குமூஞ்சி மரம், கருவேல வகைகள் முதலியவற்றின் மணிகள் தனித்தனியே உதிர்வதில்லை, பதினாறு, முப்பத்திரண்டு எனக் கட்டிகளாக ஒட்டியிருக்கும். 1968க்குப் பின் ஆரோவில் செம்மண் மேட்டில் ஏராளமாக நடப்பட்ட கத்திச்சவுக்கும், பெயரால் சவுக்கு எனினும், இவ்வினத்தைச் சேர்ந்ததே. இவை பூச்சிகளை நம்பியவை. காற்றில் தொலைவு செல்லாமல் மரத்தடிக் காரின் மேலேயே விழும்.

பூவுதிரிப் படிவு: இயல்வாகை, புங்கை, வேம்பு ஆகியவற்றின் இதழும் கேசரமும் சேர்ந்த குப்பை. இயல்வாகையின் மஞ்சள் இதழ்களை மக்கள் மகரந்தம் என்றே கொள்கின்றனர். தூங்குமூஞ்சி மரத்தடியில் சொட்டும் பிசுபிசுப்போ மரத்தின் பால் அன்று. கிளைகளில் சாறுண்ணும் பூச்சிகளின் கழிவு. அது பசையாகி மகரந்தத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

தேனீ எச்சம்: கார்க் கூரையில் மிளகளவில் காணும் மஞ்சள் புள்ளிகள் பல, தேனீக்கள் பறந்தபடி விடும் எச்சமே. அதில் செரித்து வெறுமையான மகரந்த உறைகள் நிறைந்திருக்கும். இது ஒருகால் உலக அரசியலையே கலக்கியது. தென்கிழக்காசியக் காடுகளில் விழுந்த ‘மஞ்சள் மழை’ சோவியத் நச்சு ஆயுதம் என்று 1981இல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் அலெக்சாண்டர் ஹேக் குற்றஞ்சாட்டினார். ஹார்வர்டின் மாத்யூ மெசல்சனும் தேனீ அறிஞர் தாமஸ் சீலியும் 1984இல் தாய்லாந்துக்குச் சென்று, மலைத்தேனீக்கள் கூட்டமாகப் பறந்து எச்சமிடுவதை நேரில் கண்டு, அது மகரந்த எச்சமே என நிறுவினர்.

பூச்சு கெடும் விதம்

கார்த் தகட்டின் மேல் மின்முறையில் ஏற்றிய துருத்தடுப்புப் படலம், பிரைமர், நிறப் படலம், நிறமற்ற கிளியர் கோட் என அடுக்குகள் உள்ளன. கிளியர் கோட்டின் தடிமன் ஏறத்தாழ 40 மைக்ரான். மேலே விழும் மகரந்த மணியின் அளவும் பெரும்பாலும் அதை ஒட்டியதே.

உலர்ந்த மகரந்தத்தால் கேடு இல்லை. விடியற்காலைப் பனியோ தூறலோ பட்டதும் மணி உப்பி வெடித்து, பெக்டினும் புரதமும் கசிகின்றன. பழக்கூழை இறுகச் செய்யும் அதே பெக்டின், வெயிலில் காயும்போது சுருங்கி, சூட்டில் இளகியிருக்கும் கிளியர் கோட்டையும் சேர்த்து இழுக்கிறது. வளையமாகத் தெரியும் கறை இவ்வாறு உண்டாவது. ஜப்பானில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சுகி மர மகரந்தத்தால் இத்தொல்லை பெருமளவில் ஏற்படுகிறது. அங்கே 70, 80 டிகிரி வெந்நீரில் நனைத்த துணியைக் கறைமேல் இட்டுப் பெக்டினைத் தளர்த்துகின்றனர்.

மெல்லிய கீறல்களுக்கு மகரந்தத்தைக் குறைகூறுவது தவறு. அதனோடு கலந்த கடற்கரை மணலும் செம்மண் புழுதியும்தான் கீறுகின்றன. உலர்ந்த துணியால் காலையில் வண்டியைத் துடைக்கும் வழக்கமே இக்கேட்டுக்கு மூலம்.

பாதுகாப்பு

முதலில் தண்ணீர், பிறகே துணி என்பது அடிப்படை விதி. நிழலில், தகடு ஆறிய பின், மேலிருந்து கீழாக நீரை ஓடவிட்டுத் தூளை இறக்க வேண்டும். அடுத்து அமிலமும் காரமும் அற்ற கார் ஷாம்புவை நுரைக்கவிட்டு, மைக்ரோஃபைபர் துணியால் அழுத்தமின்றிக் கழுவி, ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். பாத்திரம் துலக்கும் சோப்பு மெழுகுப் பூச்சை நீக்கிவிடும். கண்ணாடியின் அடிப்பகுதியிலுள்ள சல்லடை, பானெட் இடுக்குகள், கதவு மடிப்புகள் ஆகியவற்றில் சேரும் குப்பை ஈரத்தைத் தேக்கித் துருவுக்கு வழிவிடும். புதுச்சேரியில் கடலுப்பும் சேர்வதால் இவ்விடங்களில் கூடுதல் கவனம் தேவை. தேனீ எச்சத்தை ஈரத் துணியிட்டு ஊறவைத்து எடுப்பது நல்லது.

பூக்காலம் தொடங்குமுன் தை மாதத்தில் மெழுகு பூசினால் மணிகள் எளிதில் நழுவும். செராமிக் கோட்டிங் நெடுநாள் தாங்கும். எனினும் கழுவும் வேலையை மிச்சப்படுத்தும் என்ற விளம்பரம் மிகையானது. புழுதி படிந்த வண்டியின்மேல் உறை போடுவது, அதைத் தேய்ப்பதற்கு ஒப்பாகும். வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் தொடங்கிக் காற்றையும் வண்டியையும் கழுவிவிடுவதால் புரட்டாசிப் படிவு நீடிப்பதில்லை.

இன்றைய நிலை

2011 டிசம்பர் 30இல் கரையைக் கடந்த தானே புயலில் நகரின் முதிய மரங்கள் பல சாய்ந்தன. பிறகு புதியவை நடப்பட்டன. வாட்டர் வாஷ் நிலையங்களும் பாலிஷ் கடைகளும் பெருகியுள்ளன.