துவரையின் காட்டு அம்மா!

2015 அக்டோபர் ஞாபகம் இருக்கிறதா? துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டு, நம் வீட்டு சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருந்தது! மழை பொய்த்தது, பதுக்கினார்கள் என்று ஆளாளுக்குக் காரணம் சொன்னார்கள். எல்லாம் சரிதான். ஆனால், அடியில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. பசுமைப் புரட்சியில் நெல்லும் கோதுமையும் எங்கேயோ போய்விட, துவரை மட்டும் எக்டேருக்கு 700, 800 கிலோ என்று பல பத்தாண்டுகளாக நின்ற இடத்திலேயே நின்றது.

அதை நகர்த்தப் பார்த்தவர்களின் கதைதான் இது. களம், ஹைதராபாத் பக்கத்தில் படான்செருவில் 1972-ல் தொடங்கிய இக்ரிசாட் ஆராய்ச்சி நிலையம்.

இரண்டு ரகங்களைக் கலந்தால், பிறக்கும் முதல் தலைமுறைக்குத் தனி வீரியம் உண்டு. மக்காச்சோளமும் கம்பும் அப்படித்தான் விளைச்சலைக் கூட்டின. பயறு வகைகளில் அது சுலபமில்லை. பூ விரியும் முன்பே தன் மகரந்தத்தைத் தானே சேர்த்துக்கொள்ளும் ஜாதி அவை. துவரை கொஞ்சம் விதிவிலக்கு. தேனீக்கள் வந்து மகரந்தத்தைச் செடி மாற்றிவிடும். சரி, மகரந்தமே இல்லாத துவரைச் செடி கிடைத்தால்? அதில் காய்ப்பதெல்லாம் வீரிய ஒட்டு விதைதானே!

எழுபதுகளில் அப்படிச் சில செடிகள் கிடைத்தன. 1991-ல் ஐ.சி.பி.எச். 8 வந்தது. நம் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் 1994-ல் ஒன்று, 1997-ல் ஒன்று என இரண்டு வீரிய ஒட்டுத் துவரைகளை வெளியிட்டது. விளைச்சல் ஜோர்!

ஆனால், விதை உற்பத்தியில் கணக்கு உதைத்தது. பெண் வரிசையில் விதைத்தால், பாதிச் செடிகள்தான் மலடாக வரும். மீதிப் பாதியில் மகரந்தம் இருக்கும். பூக்கும் சமயத்தில் ஆள் விட்டு, செடி செடியாகப் பூவைப் பிரித்துப் பார்த்து, அந்தப் பாதியைப் பிடுங்கி எறிய வேண்டும். தண்ணீர் விட்டு வளர்த்ததில் பாதி குப்பைக்கு, அதற்குக் கூலி வேறு! எந்த விதைக் கம்பெனி தாங்கும்?

விடை காட்டில் இருந்தது. ஒடிசா, பஸ்தர் பக்கத்து மலைச்சரிவுகளில் வளரும் ‘கஜானஸ் கஜானிஃபோலியஸ்’ என்ற புதர்ச்செடி, துவரைக்கு மிக நெருங்கிய சொந்தம். இதை அம்மாவாகவும் நம் துவரையை அப்பாவாகவும் வைத்துக் கலந்தார்கள். செல்லின் உட்கருவில் இருப்பது இருவர் சொத்து. அதைச் சுற்றியிருக்கும் சைட்டோபிளாசமோ சுத்தமாக அம்மா வழிச் சொத்து. பிறந்ததை மறுபடி மறுபடி அதே துவரையோடு கலந்துகொண்டே போனால்..? கடைசியில் வீடு காட்டுச் செடியுடையது, குடியிருப்பது நாட்டுத் துவரை! இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. அந்தத் தகராறில் மகரந்தம் உருவாகவே இல்லை. எல்லாச் செடியும் மலடு. பிடுங்கும் வேலை மிச்சம்!

விவசாயியின் வயலிலும் மலடாக இருந்தால் எப்படிக் காய்க்கும் என்று கேட்பீர்கள். மகரந்தத்தை மீட்டுத் தரும் மரபணு உள்ள ரகத்தை ஆண் வரிசையில் நட்டார்கள். தீர்ந்தது பிரச்னை.

வேறொரு காட்டுத் துவரையை வைத்து குஜராத் 2004-ல் முந்திக்கொண்டது. படான்செருவில் கே.பி.சக்சேனா குழு உருவாக்கிய ஐ.சி.பி.எச். 2671, மத்தியப் பிரதேசத்தில் 2010-ல் வெளியானது. விவசாயிகளின் வயல்களில் நடந்த சோதனைகளில் வழக்கமான ரகத்தைவிட 30 சதவீதத்துக்கு மேல் கூடுதல் விளைச்சல்!

அதற்காக நாடு முழுக்க வீரிய ஒட்டுத் துவரை பரவிவிட்டது என்று நினைக்காதீர்கள். விதை உற்பத்திக்கு இன்னமும் தனி வயல் வேண்டும், தேனீ வேண்டும், பொறுமை வேண்டும். ஆனால், பூட்டு திறந்துவிட்டது. திறந்த சாவி, சந்தையில் ஒரு பைசா பெறாத புதர்.

சாலைக்கும் சுரங்கத்துக்கும் காட்டை அழிக்கும்போது மரங்களை எண்ணிக் கணக்கு எழுதுகிறார்கள். புதர்களை யார் எண்ணுகிறார்கள்? இந்தச் செடியை யாராவது அன்றைக்கே விறகுக்கு வெட்டியிருந்தால், ஏன் என்று கேட்க ஒரு ஆள் இருந்திருக்காது.