திரும்பிச் செல்ல ஓர் இடம்

புதிய விளையாட்டுகள் குவிந்து கிடக்கையில் பழகிய கணினி விளையாட்டுக்கே திரும்புகிறவரைச் சோம்பேறி என்று சொல்லிவிடுவது எளிது. படித்த நாவலையே மீண்டும் எடுப்பவரை நாம் அவ்வாறு சொல்வதில்லை. அதற்கு மறுவாசிப்பு என்ற கௌரவமான பெயர் இருக்கிறது. எனினும் இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. நாவல் நம் அலமாரியில் இருக்கிறது. இணையத்தில் பலர் கூடி ஆடும் விளையாட்டோ நிறுவனத்தின் வழங்கியில் இருக்கிறது. அவர்கள் அதை மாற்றிவிட்டால், பழைய வடிவம் ஆடியவர் கையில் மிஞ்சுவதில்லை.

ரூன்ஸ்கேப்பின் வரலாறு இதற்கு நல்ல சான்று. இங்கிலாந்தில் ஆண்ட்ரூ கோவர் தம் சகோதரருடன் சேர்ந்து உருவாக்கிய இவ்விளையாட்டு 2001 ஜனவரியில் வெளிவந்தது. இணைய உலாவியிலேயே ஓடியதால் விலையுயர்ந்த கணினி தேவைப்படவில்லை. மரம் வெட்டுவது, மீன் பிடிப்பது, தாது தோண்டுவது என்று பொறுமையைக் கோரும் வேலைகளே அதில் மிகுதி. ஆயினும் லட்சக்கணக்கானோர் அதில் திளைத்தனர்.

மாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. விளையாட்டுப் பொருள்களை உண்மையான பணத்துக்கு விற்போரைத் தடுக்க, 2007 டிசம்பரில் தொடங்கித் தடையற்ற பண்டமாற்று முடக்கப்பட்டது. 2011இல்தான் அது மீண்டும் வந்தது. 2012 நவம்பரில் சண்டை முறையே அடியோடு மாற்றப்பட்டது. பழைய ஆட்டக்காரர் பலர் விலகினர்.

2007 ஆகஸ்டில் எடுத்த ஒரு காப்புப் பிரதி தற்செயலாக எஞ்சியிருந்தது. அதற்கு உயிரூட்டலாமா என்று ஜாகெக்ஸ் நிறுவனம் 2013 பிப்ரவரியில் வாக்கெடுப்பு நடத்தியது. ஏறத்தாழ 4,50,000 வாக்குகள் விழுந்தன. அதே மாதம் 22ஆம் நாள் பழைய உலகம் திறக்கப்பட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பழைய உலகம் கிடைத்ததே தவிர, அதில் ஈட்டிய செல்வமும் தேர்ச்சியும் கிடைக்கவில்லை. அனைவரும் ஒன்றுமில்லாத புதியவராகவே தொடங்கினர். ஆகவே அவர்களை அழைத்தது இழந்த உடைமையன்று, அந்த உழைப்பேதான்.

திரும்பியவர்கள் 2007இலேயே உறைந்து நிற்கவும் விரும்பவில்லை. புதிதாக எதைச் சேர்ப்பதென்றாலும் ஆட்டக்காரரின் வாக்கில் 75 விழுக்காடு ஆதரவு வேண்டும் என்று விதி வகுக்கப்பட்டது; பின்னாளில் அது 70 ஆகக் குறைக்கப்பட்டது. அந்த வாக்குகளின் வழியே புதிய நிலப்பரப்புகளும் புதிய எதிரிகளும் வந்து சேர்ந்தன. 2018இல் கைபேசிக்கும் வந்த இவ்வடிவம், மூல விளையாட்டைவிட மிகுதியான ஆட்டக்காரரைப் பெற்றது.

எல்லோருக்கும் இப்படி எளிதில் வழி திறக்கவில்லை. 2004இல் வெளிவந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டின் தொடக்க வடிவத்தை ரசிகர்கள் தாமே நாஸ்டால்ரியஸ் என்ற பெயரில் இயக்கினர். பிளிசார்ட் நிறுவனத்தின் சட்ட நடவடிக்கையால் 2016 ஏப்ரலில் அது மூடப்பட்டது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டுக் கேட்டனர். 2019 ஆகஸ்டில்தான் நிறுவனமே பழைய வடிவத்தை வெளியிட்டது.

பழையதை நாடுவோர் மாற்றத்தை வெறுப்பவர் என்ற கருத்து இவ்வரலாற்றின் முன் நிற்பதில்லை. தம்மைக் கேளாமல் நிகழ்ந்த மாற்றத்தையே அவர்கள் மறுத்தனர். கேட்டபோது, மாற்றத்துக்கு அவர்களே வாக்களித்தனர். ஆனால் அந்தக் காப்புப் பிரதி அழிந்திருந்தால், எத்தனை லட்சம் வாக்குகள் விழுந்திருந்தாலும் அந்தப் பழைய உலகம் திரும்பியிராது.