சந்திரகிரியும் நம்ம பூந்தமல்லியும்



போன வாரம் பேரனோடு சந்திரகிரிக் கோட்டைக்குப் போய் வந்தேன். ஆவடியிலிருந்து காலையில் கிளம்பி, திருத்தணி, புத்தூர் வழியாகக் காரில் பயணம். திருப்பதிக்குப் போகிற நம்மில் பலர் பக்கத்திலேயே இருக்கும் இந்த ஊரை எட்டிப் பார்ப்பதில்லை. நானும் இத்தனை வருஷம் அப்படித்தான்.

மலைமேல் சிதைந்த மதில்கள். அடிவாரத்தில் இராஜ மகால், மூன்று மாடி. மரமே சேர்க்காமல் செங்கல், கல், சுண்ணாம்பு வைத்தே கட்டியிருக்கிறார்கள். தலைக்கோட்டைப் போரில் (1565) சுல்தான்களிடம் தோற்ற விஜயநகர அரசர்கள் பிற்பாடு தலைநகராக்கிக்கொண்ட ஊர் இது. ஆனால் மகாலின் வளைவுகளைப் பாருங்கள், அந்த சுல்தான்கள் கட்டிய பாணிதான்! சண்டை வேறு, கொத்தனார் வேலை வேறு போலும். பக்கத்திலேயே இராணி மகால். அதன் கீழ்த்தளம் எனக்குக் குதிரை லாயம் மாதிரிதான் தெரிந்தது.

சுற்றிலும் தோட்டம், புல்வெளி. தொல்லியல் துறை நன்றாகவே வைத்திருக்கிறது. அங்கே உட்கார்ந்திருந்தபோது ஒருவர், "சென்னைக்குப் பத்திரம் எழுதியது இங்கேதான்" என்று தன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டேக்கு இடம் கொடுத்தது அரசர் அல்ல, அவருக்குக் கீழிருந்த தாமர்ல வேங்கடப்ப நாயக்கர் என்றேன். அரசர் ஸ்ரீரங்கராயர் தன் பங்குக்குச் சாசனம் கொடுத்தது 1645-இல். நாயக்கரின் தகப்பனார் சென்னப்பர் பெயரால்தான் சென்னப்பட்டணம்.

அவருக்குச் சொல்லி முடித்ததும் எனக்கே சுருக்கென்றது. வேங்கடப்பர் இருந்தது வந்தவாசியில். கடற்கரைப் பக்கத்து விவகாரங்களைக் கவனித்தவர் தம்பி அய்யப்ப நாயக்கர். அவர் இருந்த ஊர் எது தெரியுமா? பூந்தமல்லி!

வருஷா வருஷம் 1639 என்று கரும்பலகையில் எழுதினேன். ஒரு தடவை, பூந்தமல்லியிலிருந்து பஸ் பிடித்து வரும் பையன் ஒருவன் எழுந்து, "சார், இதுல நம்ம ஊரு வருமா?" என்று கேட்டான். "அதெல்லாம் கோட்டைப் பக்கம் நடந்தது, உட்காருடா" என்றேன். வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு அவன் என் பாடத்தில் கேள்வி கேட்டதாக நினைவில்லை.

பெயர் வேண்டாம். இதைப் படித்தால் அவனுக்கே தெரியும். வருமப்பா, உங்க ஊர் வரும். நான்தான் தப்பாகச் சொல்லிவிட்டேன்.